கல்லுக்கும் பிரக்ஞை உண்டெனில்

பிரக்ஞை என்பது மனிதனுக்கும் சில மிருகங்களுக்கும் மாத்திரம் உரியதல்ல, அது பொருளின் அடித்தளத்திலேயே, இலத்திரன் வரைக்கும், மிக மங்கலான ஏதோவொரு வடிவில் இருக்கின்றது என்ற கருத்து அண்மைய தசாப்தங்களில் மேற்குலகத் தத்துவத் துறைகளில் மீண்டும் மரியாதை பெற்றிருக்கின்றது. ‘பான்சைக்கிசம்’ என்று அதனை அழைக்கின்றனர். அனைத்துப் பிரக்ஞைவாதம் என்று இக்கட்டுரையில் நான் குறிப்பிடுகின்றேன். சொல் சற்றுக் கரடுமுரடானதுதான். இதைவிட நல்லதொன்றை எவரேனும் தந்தால் மகிழ்ச்சியுடன் மாற்றிக்கொள்வேன்.

நான் தத்துவத்தில் பட்டம் பெற்றவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிப்பவன். எனவே இக்கோட்பாடு மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் நோக்கம் எனக்கில்லை. என்னை அலைக்கழிப்பது அதற்கடுத்த கேள்வி. இதனை உண்மையாகவே நம்பும் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? அவன் எதை உண்ணலாம், எதை வெட்டலாம், எதைக் கண்டு கூச வேண்டும்? ஒரு நம்பிக்கையின் பெறுமதியை அது மனிதனின் கையிலும் காலிலும் என்ன செய்கின்றது என்பதைக் கொண்டு பார்ப்பது எம்மவரின் பழக்கம். அது நல்ல பழக்கமென்றே நினைக்கின்றேன்.

முதலில் கோட்பாட்டின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அது முட்டாள்தனமானதல்ல. பௌதிகவியல் ஒரு பொருள் என்ன செய்கின்றது என்பதை எமக்கு மிகத் துல்லியமாகச் சொல்கின்றது. திணிவு என்பது, எவ்வளவு விசையில் தள்ளினால் அது எவ்வளவு அசையும் என்பதற்கான பெயர். ஏற்றம் என்பது, அது எதனை ஈர்க்கும், எதனைத் தள்ளும் என்பதற்கான பெயர். ஆனால் இவற்றையெல்லாம் செய்கின்ற அந்தப் பொருள் தன்னளவில் என்ன என்ற கேள்விக்கு அங்கே விடையில்லை. உள்ளிருந்து எமக்குத் தெரிந்த பொருள் உலகில் ஒன்றே ஒன்றுதான்: எமது மூளை. அதன் உள்ளே பார்த்தால் வலியும் நிறமும் ஞாபகமும் இருக்கின்றன. அப்படியானால் ஏனைய பொருள்களின் உள்ளும் அதே சாதியைச் சேர்ந்த ஏதோவொன்றுதான் இருக்க வேண்டும் என்பது வாதம். அமெரிக்கத் தத்துவவாதி தோமஸ் நேகல் 1974 இல் எழுதிய வௌவால் பற்றிய கட்டுரை, ஓர் உயிரை வெளியிலிருந்து எவ்வளவு அளந்தாலும் அதுவாக இருப்பது எப்படியிருக்கும் என்பது மிஞ்சி நிற்கும் என்று காட்டியது. அவுஸ்திரேலியரான டேவிட் சால்மேர்ஸ் 1995 இல் அதற்குக் ‘கடினமான பிரச்சினை’ என்று பெயர் வைத்தார். 2006 இல் கேலன் ஸ்ட்ரோசன், உலகம் முழுவதும் பௌதிகப் பொருளால் ஆனது என்று நம்புகின்றவர்களே இந்த முடிவுக்குத்தான் வந்து சேர வேண்டும் என்றார். துளியும் உணர்வில்லாத ஒன்றிலிருந்து உணர்வு திடீரெனத் தோன்ற முடியாது. ஆகவே அது ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

எமது பிராந்தியத்துக்கும் இதில் பங்குண்டு. வங்காளத்து விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1901 இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில், உலோகத்துண்டுக்கும் தாவரத்துக்கும் தசைக்கும் மின்தூண்டல் கொடுத்து, மூன்றும் ஒரே விதமாகத் துலங்குவதையும் ‘களைப்படைவதையும்’ வரைபாகக் காட்டினார். உயிருள்ளது, உயிரற்றது என்ற கோடு எங்கே இருக்கின்றது என்ற சந்தேகம் அவருக்கு ஆய்வுகூடத்திலேயே தோன்றிவிட்டது.

மறுப்பும் பழையதே. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் ஓர் உதாரணம் தந்தார். பன்னிரண்டு சொற்களைக் கொண்ட ஒரு வசனத்தை எடுத்து, பன்னிரண்டு மனிதரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து நினைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழமாக நினைத்தாலும் முழு வசனத்தையும் அறிந்த மனம் என்று ஒன்று அங்கே உருவாகாது. சின்னச் சின்னப் பிரக்ஞைகளைக் குவித்தால் பெரிய பிரக்ஞை வந்துவிடுமென்பது அவ்வளவு இலகுவான காரியமல்ல. இன்றும் இக்கோட்பாட்டின் தொண்டையில் சிக்கிய முள் இதுதான். கவனமாகப் பேசும் அனைத்துப் பிரக்ஞைவாதிகளுள் பலர், பாறாங்கல்லோ மேசையோ தன்னளவில் உணர்கின்றது என்று சொல்வதேயில்லை. கல்லில் உள்ள துணிக்கைகளுக்கு ஏதோ இருக்கலாம், கல்லுக்கு இல்லை என்பார்கள். கிரிக்கெட் மைதானத்தில் இருபதாயிரம் பேர் இருந்தாலும் மைதானத்துக்குத் தலையிடி வருவதில்லை அல்லவா?

இனி எனது கேள்விக்கு வருகின்றேன். பிரித்தானியரான பிலிப் கோஃப் 2019 இல் வெளியிட்ட நூலின் இறுதியில், மரங்களைப் பிரக்ஞையுள்ளவையாகக் காணும் சமூகம் காடுகளை இப்படி அழிக்காது, காலநிலை நெருக்கடிக்கு முகங்கொடுக்கவும் இந்தப் பார்வை உதவும் என்ற நம்பிக்கையை வெளியிடுகின்றார். படிப்பதற்கு மனதுக்கு இதமாகத்தான் இருக்கின்றது. எனினும் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குக் காரணம், பிரக்ஞை வேறு, நோவு வேறு என்பதே. இலத்திரனுக்குப் பிரக்ஞை உண்டென்று ஒப்புக்கொண்டாலும் அதற்கு வயிறு பசிக்கும் என்றோ பிள்ளையைப் பிரிந்தால் கலங்கும் என்றோ ஆகாது. ஒன்றைத் துன்புறுத்த முடியுமாயின் அதற்கு விரும்புவதும் வெறுப்பதும் இருக்க வேண்டும். காயத்தை அறிவிக்கும் நரம்போ அதற்கீடான வேறேதுமோ, அந்த அறிவிப்பைக் கேட்க ஓர் இடமோ இருக்க வேண்டும். எங்கும் பரந்த அந்த மங்கலான பிரக்ஞை இவற்றில் ஒன்றையும் தருவதில்லை. ஆகவே கவனமாகச் சொல்லப்பட்ட வடிவத்தில் இக்கோட்பாடு மரத்துக்கோ ஆற்றுக்கோ எந்த உரிமையையும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. கவனமின்றிச் சொல்லப்பட்ட வடிவத்திலோ அது அனைத்துக்கும் கொடுக்கின்றது. அனைத்துக்கும் கொடுப்பது இன்னும் ஆபத்தானது. வகுப்பில் நாற்பது பேருக்கும் நூறு புள்ளி போட்ட ஆசிரியர் எவருடைய திறமையையும் மதித்தவராக மாட்டார். செங்கல்லுக்கும் கன்றுக்குட்டிக்கும் ஒரே தராசு என்றால் கஷ்டப்படப் போவது கன்றுக்குட்டிதான்.

தரம் 9 இல் தொல்காப்பியரின் உயிர்ப் பாகுபாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, விலங்குகளுக்கு ஐந்து, மனிதருக்கு ஆறு என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்தான்.

“சேர், ஓரறிவெண்டாலும் அறிவுதானே. அப்ப வெட்டக்குள்ள மரத்துக்குத் தெரியுமா?”

“தெரியக்கூடும் எண்டுதான் அவர் நினைச்சிருக்கார் போல” என்றேன்.

“அப்ப வெள்ளாம வெட்டுறது பாவமா? எங்கட வாப்பா ஒவ்வொரு போகமும் வெட்டுறாரே.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவனுடைய கேள்வியை முழு வாழ்க்கையாக வாழ்ந்து பார்த்த ஒரு சமூகம் இருக்கின்றது என்று மாத்திரம் சொல்லிவிட்டு மணியடிக்கும்வரை சமணரைப் பற்றிப் பேசினேன்.

சமணர் மண்ணிலும் நீரிலும் நெருப்பிலும் காற்றிலும்கூட ஓரறிவு உயிர்கள் உறைகின்றன என்று நம்புகின்றவர்கள். நான் அறிந்தவரையில் இந்த நம்பிக்கையின் விலையை முழுவதுமாகக் கொடுத்தவர்கள் அவர்கள் மாத்திரமே. அவர்களது துறவி நெருப்பு மூட்டுவதில்லை, நிலத்தைத் தோண்டுவதில்லை, நடக்கும் வழியை மெல்லக் கூட்டிக்கொண்டு நடக்கின்றார். கண்டிப்பான இல்லறத்தார் கிழங்கு வகைகளை உண்பதில்லை. பிடுங்கினால் அந்தச் செடியும் மண்ணில் அதை அண்டி வாழும் நுண்ணுயிர்களும் அழியும் என்பதால். இந்த வழியின் கடைசிப் படி உண்ணாமலிருந்து உயிர் துறப்பது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அந்த நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பானது என்று தீர்ப்பளித்ததும், அதே மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை இடைநிறுத்தியதும் செய்தியாக வந்தன. அவர்களது முடிவுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களைப் பரிகசிப்பவர் எவரும் எனக்கு நண்பரல்லர். தான் நம்பியதை இவ்வளவு தூரம் சுமந்த மனிதருக்கு முன்னால், புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் மரத்துக்குப் பிரக்ஞை கொடுத்துவிட்டு இரவுணவுக்குப் போகின்றவர் சிறியவராகத்தான் தெரிகின்றார்.

இருந்தாலும் அங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. துறவி நெருப்பு மூட்டுவதில்லை. ஆனால் அவர் அருந்துவது கொதிக்கவைத்து ஆறிய நீரை. அதனை இல்லறத்தார் கொதிக்க வைக்கின்றனர். இல்லறத்தார் ஏர் பிடிப்பதைத் தவிர்த்து வணிகத்துக்குப் போகின்றனர். அவர்கள் உண்ணும் தானியத்துக்கு வேறொருவர் ஏர் பிடிக்கின்றார். மண்ணைக் கீறும்போது நசுங்கும் புழுவின் கணக்கு அந்த வேறொருவரின் பெயரில் எழுதப்படுகின்றது. எங்கும் உயிர், எங்கும் உணர்வு என்று நம்பும் ஒரு சமூகம் வாழத்தான் வேண்டியிருக்கின்றது. வாழ்வதற்குக் கொஞ்சம் அழிக்கத்தான் வேண்டியிருக்கின்றது. அந்த அழிப்பைத் தன் கையால் செய்ய முடியாதபோது அதற்கென்று வேறு கைகளைத் தேடுகின்றது. பிறகு அந்தக் கைகளை அசுத்தமானவை என்கின்றது.

இந்த இடத்தில் எமது நாடு ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 2020 செப்டெம்பரில் மாடறுப்பதைத் தடை செய்வதற்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. அதே தீர்மானத்தில், மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக அதனை இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவதென்றும் இருந்தது. வயது முதிர்ந்த மாடுகளைப் பற்றியும் அந்தத் தீர்மானம் பேசியது. அதனை முன்வைத்தவர்களுள் மெய்யான ஜீவகாருண்யம் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதியாகும் இறைச்சியும் ஒரு மாட்டிலிருந்துதான் வருகின்றது. கத்தி கண்காணாத தேசத்துக்கு மாறுகின்றது, இறைச்சி மாத்திரம் இங்கே வருகின்றது. இதில் மாட்டுக்கு என்ன லாபம்? லாபம், கத்தியைப் பார்க்க விரும்பாத கண்களுக்கு. எம்மவரும் இதில் தப்பியவர்களல்லர். இறைச்சிக் கடைக்காரரிடம் நல்ல துண்டாகக் கேட்டு வாங்குகின்ற வாய் அவருடைய மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதை எமதூர்களிலேயே கேட்டிருக்கின்றேன்.

இவ்வளவு சொன்னதால் இக்கோட்பாட்டால் பயனேயில்லை என்று நான் கருதுவதாக எவரும் நினைக்க வேண்டாம். அது சந்தேகத்தின் திசையை மாற்றக் கூடியது. தெகார்த்தின் காலத்திலிருந்து ஐரோப்பிய சிந்தனையில் ஒரு வழக்கம் இருந்து வந்தது: ஒரு பிராணி உணர்கின்றது என்று நீ நிரூபி, நிரூபிக்கும்வரை அதை நான் பொறியென்றே நடத்துவேன். அந்த வழக்கத்தின் பெயரால் மயக்க மருந்தில்லாமல் நாய்களை உயிருடன் பிளந்து பார்த்தனர். பிரக்ஞை அரிதான பொருளல்ல, அது எதிர்பாராத இடங்களிலும் இருக்கலாம் என்று எண்ணப் பழகியவன், நிரூபணச் சுமையைப் பிராணியின் தலையில் வைக்கச் சற்று யோசிப்பான்.

ஆனால் உண்மையில் சட்டங்களை மாற்றியது கோட்பாடல்ல, பொறுமையான அவதானம் என்பதையும் சொல்ல வேண்டும். பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் றொபேர்ட் எல்வூட் சங்குக்குள் வாழும் துறவி நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். தனக்குப் பிடித்த சங்கில் இருந்த நண்டு அதனை இலகுவில் விட்டுப் போகவில்லை. பிடிக்காத சங்கில் இருந்தது விரைவில் வெளியேறியது. வெறும் அனிச்சைச் செயலாயின் இந்த வேறுபாடு இருக்கக் கூடாது. ஏதோவொன்று அங்கே நிறுத்துப் பார்க்கின்றது: வீடா, வேதனையா என்று. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து லண்டன் பொருளியல் கல்லூரியின் ஜொனதன் பேர்ச் தலைமையிலான குழு 2021 இல் அறிக்கை கொடுத்தது. பிரித்தானியா 2022 இல் இயற்றிய சட்டம் நண்டு, இறால், கணவாய் இனங்களையும் உணர்வுள்ள பிராணிகளாக ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியர் நண்டுக்கு நான்கறிவு கொடுத்ததை எண்ணி வகுப்பில் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டது உண்மை. 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் வெளியிட்ட பிரகடனம், பூச்சிகள் வரையில் பிரக்ஞைக்கு நியாயமான சாத்தியம் இருக்கின்றதென்றும் அந்தச் சாத்தியத்தைப் பொருட்படுத்தாமல் முடிவெடுப்பது பொறுப்பற்றது என்றும் கூறியது.

புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகள் எமக்கு அந்நியமல்ல. உலகின் பல இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறால் விரைவில் முட்டையிட வேண்டுமென்பதற்காக அதன் கண்காம்பொன்றை நசுக்கியோ வெட்டியோ விடுகின்றனர். முட்டையிடுவதைத் தடுக்கும் சுரப்பு அந்தக் காம்பில் இருந்து வருவதுதான் காரணம். உண்பதற்கு ஹலாலான ஒன்றின் கண்ணை, நாளை முட்டையிடுவதை இன்றைக்கே இடச் செய்வதற்காக நசுக்கலாமா என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இலத்திரனுக்குப் பிரக்ஞை உண்டா என்பதைவிட இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம்.

கைத்தொலைபேசியில் பேசும் மென்பொருளுக்கும் உணர்வு உண்டா என்று பெரிய வகுப்பு மாணவர் கேட்கின்றனர். சிலிக்கன் துணிக்கைக்கு மங்கலான பிரக்ஞை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், பேசுகின்ற அந்த நிரலுக்கு உண்டென்பது அதிலிருந்து பெறப்படாது. மைதானத்தின் தலையிடிக் கதைதான். இப்போதைக்கு அதனை அவ்வளவில் விடுகின்றேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அனைத்துப் பிரக்ஞைவாதத்தின் ஒழுக்கக் கவர்ச்சிக்குப் பின்னால் ஒரு மறைமுகமான எடுகோள் இருக்கின்றது. பிரக்ஞை இருந்தால்தான் ஒன்றுக்கு மதிப்பு என்பதே அது. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமா? அதற்குப் பிரக்ஞை உண்டென்று காட்டு. ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமா? அதற்கும் காட்டு. இந்த எடுகோள் சரிதானா? சரியல்ல என்பதை இந்த நாட்டு முஸ்லிம்கள் ஒரு வருட காலம் தம் உடம்பால் அறிந்துகொண்டனர்.

2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றினால் மௌத்தான முஸ்லிமின் ஜனாஸா தகனம் செய்யப்பட்டது. ஏப்ரல் 11 இல் வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதோ தகனம் செய்வதோ இரண்டும் பாதுகாப்பானவையே என்ற வழிகாட்டலை உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்த டிசம்பரில் இருபது நாட் பச்சிளங் குழந்தையொன்றின் உடல் எரிக்கப்பட்டபின் பொரளை கனத்தையின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். முஸ்லிம்கள் மாத்திரமல்லர், சிங்களவரும் தமிழரும் கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணைக் கண்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

அந்த நாட்களில் படித்தவர்கள் சிலர் எம்மிடம் நிதானமாகவே கேட்டார்கள். இறந்த உடலுக்கு எதுவும் தெரியாதே, எரித்தால் என்ன புதைத்தால் என்ன? ஒழுக்கத்துக்கு ஒரே அத்திவாரம் பிரக்ஞைதான் என்றால் இக்கேள்விக்குப் பதிலில்லை. அனைத்துப் பிரக்ஞைவாதியிடம் போனால் அவராலும் உதவ முடியாது. அவருடைய கணக்கில் மையித்தின் துணிக்கைகளுக்கு உள்ள அதே மங்கலான பிரக்ஞை சாம்பலின் துணிக்கைகளுக்கும் உண்டு. ஒரு துணிக்கையும் குறையவில்லை. ஆகவே எந்த இழப்பும் நிகழவில்லை. எங்கும் பிரக்ஞையைக் காணும் அந்தக் கண், மண்ணுக்கும் நெருப்புக்கும் நடுவே நின்ற தாயின் துயரத்தைக் காணாது. துயரம் தாயினுடையது, அவளுக்குப் பிரக்ஞை உண்டு, ஆகவே அது கணக்கில் வரும் என்று அவர் சொல்லலாம். ஆனால் அந்தத் தாய் அழுதது தனக்காக அல்லவே. பிள்ளைக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்றுதான் அழுதாள். மௌத்தானவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்துள்ள நபிமொழியை எமது சிறுவர்களும் அறிவர். அங்கே நோவு பற்றிய பேச்சில்லை. உணராத ஒன்றுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கின்றோம் என்பதுதான் பேச்சு.

அப்படியானால் வேறு அத்திவாரம் என்ன? வானங்களும் பூமியும் அவற்றிலுள்ள யாவும் இறைவனைத் துதிக்கின்றன, அத்துதியை நீங்கள் விளங்கமாட்டீர்கள் என்ற கருத்தைக் குர்ஆனில் ஓதுகின்றோம். நபியவர்கள் (ஸல்) புதிய மிம்பருக்கு மாறியபோது அதுவரை சாய்ந்து நின்ற ஈச்சமரக் குற்றி அழுததென்ற ஹதீஸைக் கேட்டிருக்கின்றோம். 1240 இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அரபி, சடப்பொருள் என்று நாம் அழைப்பதும் உயிருள்ளதே என்று எழுதினார். இவற்றைக் காட்டி, பான்சைக்கிசம் எங்களிடம் ஏற்கனவே இருக்கின்றது என்று மார்தட்டும் கட்டுரையை எவரேனும் விரைவில் எழுதக்கூடும். நான் அதைச் செய்யப் போவதில்லை. ‘வஹ்ததுல் வுஜூத்’ என்ற சொல் எமது ஊர்களில் எவ்வளவு காயங்களைக் கிளறும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழக்கை இங்கே திறக்கவில்லை. எல்லாம் துதிக்கின்றன என்பதும் எல்லாம் இறைவனே என்பதும் ஒன்றல்ல என்பதை மாத்திரம் குறித்துக்கொள்கின்றேன். துதிப்பதற்கு இருவர் வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது எறும்புக் கதை. முன்னைய நபியொருவரை எறும்பொன்று கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார். அதற்காக இறைவன் அவரைக் கடிந்துகொண்டான். கடித்தது ஒன்று, அழிக்கப்பட்டதோ துதித்துக்கொண்டிருந்த ஒரு சமூகம் என்பதே அக்கண்டனத்தின் சாரம். எறும்புக்கு எரியும், நோகும் என்பது அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்கும் படைத்தவனுக்கும் இடையே எமக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருக்கின்றது, அதற்குள் நீ காரணமின்றி நுழைந்துவிட்டாய் என்பதுதான் குற்றச்சாட்டு. இங்கே எறும்பின் பிரக்ஞையை நிரூபிக்க வேண்டியதில்லை. அளக்கவும் வேண்டியதில்லை. அத்துதி எமக்கு விளங்காது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது.

அதேவேளை, துதிக்கும் படைப்பை வெட்டவும் உண்ணவும் அனுமதி இருக்கின்றது. மாணவனின் வாப்பா வெள்ளாமை வெட்டலாம். ஆனால் அனுமதி என்பது உரிமையாளன் ஒருவன் இருக்கின்றான் என்பதன் மறுபெயர். பெயர் சொல்லித்தான் அறுக்க வேண்டும். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கின்றது. ஆற்றுக்கு நோகும் என்பதற்காக அல்ல. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இஹ்வானுஸ் ஸபா குழுவினர் எழுதிய நிருபமொன்றில் மிருகங்கள் ஜின்களின் அரசனிடம் மனிதன்மீது வழக்குத் தொடுக்கின்றன. எங்களை ஆள முடிவதால் மாத்திரம் நீ எங்கள் எசமானன் ஆகிவிடமாட்டாய் என்பதாக அவற்றின் வாதம் போகின்றது. தமக்கு உணர்வு உண்டென்று வாதாட அவற்றுக்கு நேரமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பது போல நேரே வழக்குக்குப் போய்விடுகின்றன.

இப்படியொரு மரபை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பார்த்தால்தான் சங்கடம். அறுக்கப்படும் பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டியவரை நபியவர்கள் (ஸல்) கடிந்துகொண்டார்கள். அது அதனை இருமுறை சாகடிப்பதாகும் என்ற கருத்தில். ஹஜ்ஜுப் பெருநாளன்று எத்தனை வளவுகளில் மாடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருக்கின்றோம்? முதலாவது விழுவதை இரண்டாவது பார்க்கின்றது. இரண்டாவதன் இரத்தத்தை மூன்றாவது மணக்கின்றது. சிறுவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கின்றனர். இதற்கு முந்திய இரவு அவை லொறியில் மூட்டை போல நெருக்கப்பட்டு வந்தவை. சிலவற்றின் வால் முறிந்திருக்கும், எழுப்புவதற்காக முறுக்கியதில். மாட்டுக்குப் பிரக்ஞை உண்டா என்று நிரூபிக்குமாறு எம்மில் எவரும் எவரையும் கேட்டதில்லை. உண்டென்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கட்டி வைத்திருக்கின்றோம். மாடறுப்பை எதிர்ப்பவர்களின் உள்நோக்கத்தைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களில் நான்கில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

சென்ற வருடம் ஒரு பள்ளி நிர்வாக சபையிடம் இதுபற்றிக் கதைத்தபோது, இடவசதியில்லை, ஆள்வசதியில்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான். அறுக்கும் இடத்தைச் சுற்றி நான்கு கம்பு நட்டு ஒரு படங்கு கட்டினால் மற்ற மாடுகளுக்குத் தெரியாது என்றேன். படங்கின் விலையைக் கேட்டுச் சொல்லும்படி செயலாளர் எழுதிக்கொண்டார். கடையில் கேட்டேன். பதினெட்டடி படங்கு ஒன்று, கயிறுடன் சேர்த்து, அவ்வருடம் அறுத்த ஒரு மாட்டின் தோல் விற்ற காசைவிடக் கொஞ்சம் அதிகம். அடுத்த கூட்டம் ஷவ்வால் மாதத்தில்.